இரண்டு வீட்டுத் திட்டங்களுக்கு நடுவில் நிற்கும் மரங்கள் யார் பொறுப்பு?

கேள்வி இதுதான்: இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் மேலே ஒரு வீட்டுத் திட்டம், கீழே ஒன்று. நடுவில் கிடக்கும் எல்லைத் துண்டில் டர்பன்டைன் மரமும் சவுக்கு மரமும் ஓங்கி நிற்கின்றன. கிளை வெட்டுவது யார் என்று மேலே உள்ளவர்கள் கீழேயும், கீழே உள்ளவர்கள் மேலேயும் கை காட்டுகிறார்கள்.

நான் மஸ்கெலியா பக்கம். எங்களுக்கும் இதே சண்டை வந்தது. நான் சொல்வேன், பெரும்பாலும் இரண்டு பக்கமும் இல்லை, தோட்ட நிர்வாகம்தான் பொறுப்பு. தோட்டக் காணி அரசுடையது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது, பிறகு 53 வருடக் குத்தகை. வீட்டுத் திட்டத்துக்கு அளந்து விட்டது வீட்டுக்கு 7 பேர்ச் நிலமும் பாதையும்தான். அளந்து விடாத துண்டு இன்னும் குத்தகைக்காரரிடமே இருக்கிறது. மரத்தை விற்றால் காசு நிர்வாகத்துக்கு என்றால், அது கூரைமேல் சாயாமல் பார்ப்பதும் நிர்வாகத்தின் கடமை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் முதலில் நில அளவைப் படத்தைப் பாருங்கள். மரத்தின் அடி ஒருவருடைய 7 பேர்ச்சுக்குள் இருந்தால் அது அவர் பொறுப்பு. இரண்டு வீட்டுக் காணி முட்டும் கோட்டிலேயே நின்றால் இருவரும் பேசிச் செலவைப் பகிர்வதே நியாயம்.

நாங்கள் செய்தது, இரண்டு திட்டத்து ஆட்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தோம். தனித்தனியாகப் போனபோது கிடைக்காத பதில் அதற்குக் கிடைத்தது. கடிதம் தோட்ட முகாமையாளருக்கு, பதிவுத் தபாலில். பிரதிகள் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைக்கும். சாய்ந்த மரம், மண் விட்டு வெளியே தெரியும் வேர், அடியில் உளுத்த இடம் எல்லாவற்றையும் படம் பிடித்து இணையுங்கள். தோட்டத்துக்குள் நாங்கள் செலவு செய்ய முடியாது என்று பிரதேச சபையில் சொன்னால், 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது என்று சொல்லுங்கள். அதுவரை அந்தத் தடை உண்மையிலேயே இருந்தது. நம் பாதைகளும் வடிகான்களும் அத்தனை வருடம் அப்படிக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம், நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பயத்தில் எல்லா மரத்தையும் வெட்டச் சொல்லாதீர்கள். அந்தச் சரிவை இறுக்கிப் பிடித்திருப்பது அந்த வேர்கள்தான். வெட்டிய மரத்தின் வேர் சில வருடத்தில் உளுத்துப் போகும், அப்புறம் பெருமழைக்கு மண் நகரும். கிளையைக் கழித்து உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நிச்சயமாக ஆபத்தான மரத்தை மட்டும் வெட்டி, அடிக்கட்டையைத் தோண்டாமல் விடச் சொல்லுங்கள். மண்ணில் வெடிப்புத் தெரிந்தால் மரத்தில் கை வைக்கும் முன் மண்சரிவு ஆபத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரை வரவழைத்துக் காட்டுங்கள்.

பலா மரம் என்றால் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது. மின்கம்பியில் உரசும் கிளைக்கு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் சொல்லுங்கள், நீங்களே ஏறாதீர்கள்.

மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கும் முன் வேலை முடிய வேண்டும், அதனால் கடிதம் ஜனவரியிலேயே போகட்டும். காற்றுக் காலத்தில் மரம் சாயத் தொடங்கிவிட்டால் கடிதத்துக்கு நேரமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.