பார்ட் டைம் கேட்பதற்கு முன் நேர மாற்றம் கேளுங்கள்

சகோதரி, லண்டன் ஹாரோவில் ஆபீஸ் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு வயதுப் பிள்ளையின் நர்சரியை மாலை ஆறுக்கு மூடிவிடுகிறார்கள், கணவரின் ஸ்பான்சர் விசாவில் டிபென்டன்டாக வந்த நான் பார்ட் டைம் கேட்டால் வேலை போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கேட்டதற்காக உங்களை நீக்கினால் அது சட்டவிரோதம். 2024 ஏப்ரல் 6 முதல், சேர்ந்த முதல் நாளே வேலை நேரத்தை மாற்றித் தரக் கேட்கும் உரிமை இங்கே உண்டு. ஆனால் கேட்கத்தான் உரிமை; கேட்டது கிடைத்தே தீரும் என்றில்லை.

பார்ட் டைமை முதலில் கேட்காதீர்கள். ஐந்து நாளை நான்காக்கினால் சம்பளம் 20% குறையும், பென்ஷன் பங்கும் கூடவே குறையும். வேலை மட்டும் பெரும்பாலும் குறையாது. வெள்ளிக்கிழமை வேலை வியாழன் இரவுக்கு வந்து சேரும். உங்களுக்கு வேண்டியது நேர மாற்றம். வாரம் 37.5 மணி நேர வேலை என்றால், அரை மணி சாப்பாட்டு இடைவேளையோடு காலை 8 முதல் மாலை 4 வரை பார்த்தாலே கணக்கு சரி, சம்பளமும் முழுசு. காலையில் கணவர் பிள்ளையை விடட்டும், அதற்கு அவரும் தன் ஆபீசில் தாமதமாகத் தொடங்கக் கேட்கட்டும். அவர் மணி நேரத்தைக் குறைக்க மட்டும் வேண்டாம்: சம்பளம் விசா வரம்புக்குக் கீழே போனால் குடும்பத்துக்கே சிக்கல்.

மேனேஜரிடம் வாயால் சொன்னதோடு விடாதீர்கள். கடிதத்தில் தேதி, வேண்டும் மாற்றம், தொடங்கும் நாள், முன்பு கேட்டதுண்டா, இது சட்டப்படியான கோரிக்கை என்ற ஒரு வரி, இவ்வளவும் இருக்க வேண்டும். 12 மாதத்தில் இரண்டு முறைதான் கேட்கலாம். அப்பீல் உட்பட இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்; உங்களிடம் பேசாமல் மறுக்கக் கூடாது. மறுப்புக்குச் சட்டத்தில் எட்டுக் காரணங்கள்தான்: கூடுதல் செலவு, தரம் குறைவது போன்றவை. "எல்லாருக்கும் இதே நேரம்தான்" என்பது அதில் இல்லை. பிள்ளை வளர்ப்பின் சுமை பெண்கள் மேல்தான் கூடுதலாக விழுகிறது என்பதை 2021-ல் ஒரு நர்ஸ் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. ஆகவே மறுப்பு பெண்களுக்கு எதிரான பாகுபாடாகவும் ஆகலாம்; மறுத்தால் வேலை உரிமைகள் பற்றி இலவசமாக ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணில் உடனே கேளுங்கள், நாள் கடத்தாதீர்கள்.

ஒப்புக்கொண்ட மாற்றம் வேறு பேச்சில்லாவிட்டால் நிரந்தரம். எனவே சோதனைக் காலம் என்று எழுதி வாங்குங்கள். இருவர் விசாவிலும் அரசு உதவி கூடாது என்ற நிபந்தனை இருந்தால் வாரம் 30 மணி நேர இலவச நர்சரி கிடைக்காது. பிள்ளைக்கு மூன்று வயது முடிந்து அடுத்த டேர்மில் எல்லாருக்குமான 15 மணி நேரம் வரும். சோதனைக் காலம் அந்த டேர்ம் தொடங்கும்போது முடிகிற மாதிரி தேதி போடுங்கள்.