தோடை இலைச் சோதனை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வவுணதீவு: தோடை (ஆரஞ்சு) மரத்தில் என்ன சத்துக் குறைவு என்று பார்க்கும் இலைச் சோதனைக்கு எந்த இலையைப் பறிப்பது? எத்தனை வேண்டும்?

காய் பிடிக்காத கிளையில், 4 முதல் 6 மாதம் முதிர்ந்த இலை. ஐப்பசி மழையோடு வந்த கொழுந்தென்றால் மாசி, பங்குனியில் பறிக்கலாம். தோள் உயரத்தில், மரத்தின் நாலு பக்கமும், சுமார் 20 மரங்களில் மொத்தம் 100 இலை போதும். கொழுந்து விடும்போதே கிளையில் ஒரு நாடாவைக் கட்டி வையுங்கள். வயது தெரியாத இலையின் அறிக்கையை வைத்துப் பசளை போட முடியாது.

களுவாஞ்சிக்குடி: இலையைப் பொலித்தீன் பையில் கட்டி மூன்று நாளாக வீட்டில் வைத்திருக்கிறேன். இப்போது அனுப்பலாமா?

வேண்டாம். புதிதாகப் பறித்து, கடதாசிப் பையில் போட்டு, அன்றே அல்லது மறுநாள் கொடுங்கள்.

செங்கலடி: நைதரசன் 2.3 வீதம், பொட்டாசியம் 0.9 வீதம் என்று வந்திருக்கிறது. யூரியாவை இரட்டிப்பாக்கட்டுமா?

உங்கள் கண்ணில் யூரியா மட்டும்தான் பட்டிருக்கிறது. தோடைக்கு நைதரசன் இரண்டரைக்குச் சற்று மேலே, பொட்டாசியம் 1.2க்கு மேலே இருக்க வேண்டும். உங்கள் மரத்தில் பொட்டாசியம்தான் கூடப் பின்தங்கியிருக்கிறது. யூரியாவை மட்டும் ஏற்றினால் அது இன்னும் இறங்கும், காயும் சிறுக்கும். யூரியாவைக் கொஞ்சம் கூட்டி, எம்.ஓ.பி.யையும் (பொட்டாசியம் குளோரைட்டுப் பசளை) சேர்த்து, மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். கொட்டும் மாரிக்கு முன் போட்டால் மணலில் கழுவிக்கொண்டு போய்விடும். வாவிக்கரையில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் எம்.ஓ.பி. வேண்டாம், பொட்டாசியம் சல்பேற்று வாங்குங்கள்.

திருக்கோவில்: மஞ்சள் இலையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். எவ்வளவு யூரியா போடலாம்?

தம்பி, மரத்தின் வயது இல்லை, மண் என்னவென்று இல்லை, அந்த இலை கிளையின் அடியிலா நுனியிலா என்றும் இல்லை. யூரியா மட்டும் முடிவாகிவிட்டது! மஞ்சளைக் கண்டதும் யூரியா மூட்டையைத் தூக்கும் பழக்கத்தை எத்தனை தடவை எழுதினாலும் விடமாட்டேன் என்கிறார்கள். மஞ்சளில் பல வகை உண்டு. முதிர்ந்த இலை முழுவதும் வெளிறினால் நைதரசன் குறைவாக இருக்கலாம். முதிர்ந்த இலையின் காம்புப் பக்கம் மட்டும் பச்சை ஆப்பு போல நின்று மற்ற இடம் மஞ்சளானால் மக்னீசியம். அதற்கு, மண் புளித்தது, அதாவது அமிலத் தன்மையுள்ளது என்றால், டொலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு) போடலாம். இளம் இலை சிறுத்து, நரம்புக்கு நடுவே திட்டுத்திட்டாக மஞ்சளென்றால் நாகம் (துத்தநாகம்) குறைவு. இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு. கரையோரத்தில் சிப்பி கலந்த காரமான மணலில் இந்த இரண்டும் வரலாம், யூரியா இரண்டையும் தீர்க்காது. தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும். நடு நரம்பின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் திட்டுப் பட்டிருந்தால் கிரீனிங் என்ற பற்றீரியா நோயாக இருக்கலாம். பசளைக் கடைக்குப் போகாமல் உடனே விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடுங்கள். சோதனைக்கு அனுப்பும்போது மஞ்சள் இலையையும் நல்ல இலையையும் ஒரே பையில் கலக்காதீர்கள். தனித்தனியே அனுப்பினால்தான் ஒப்பிட முடியும்.

அக்கரைப்பற்று: செம்பு மட்டும் 200 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 200 பங்கு) என்று வந்திருக்கிறது. மரத்துக்கு நஞ்சா?

செம்பு கலந்த பங்கசுநாசினி தெளித்திருப்பீர்கள். வழமையான அளவு 5 முதல் 16 வரைதான், மிச்சம் இலையின் மேலே படிந்தது. அந்த எண்ணை விட்டுவிடுங்கள். நாகம், மங்கனீசு தெளித்தாலும் இதே கதைதான். தெளித்த இலையைப் பறிக்காதீர்கள், அடுத்த கொழுந்துக்குக் காத்திருங்கள்.

வாகரை: கன்று நட்டு ஒரு வருடம். இலை அனுப்பட்டுமா?

இப்போதைக்கு மண் சோதனை போதும். மேலே சொன்ன அளவெல்லாம் காய்க்கிற மரத்துக்குத்தான்.