கோவை, ஈரோடு பக்கம் எலும்பு முறிவு மருத்துவ மேற்படிப்பு படிப்பவர்கள் இறுதித் தேர்வுக்கு எப்படித் தயாராக வேண்டும்?

நான் கோவையில் படித்து டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் மேற்படிப்புத் தேர்வு) தேறியவன். பல்கலைக்கழகப் பட்டமான எம்.எஸ். எழுதுபவர்களுக்கும் பெரும்பாலும் இதேதான். எழுத்துத் தேர்வைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள், படம் போடத் தயங்காதீர்கள். ஆளைக் கவிழ்ப்பது செய்முறைத் தேர்வுதான்.

அதற்கு வார்டை விட்டால் வேறு கதியில்லை. நம் பக்கம் நோயாளிகளுக்கா பஞ்சம்? தென்னையிலிருந்து விழுந்தவர், விசைத்தறியில் கை சிக்கியவர், அவிநாசி சாலையில் பைக்கோடு சரிந்தவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். முழங்கைக்கு மேலே உடைந்து, நாட்டுக்கட்டுப் போட்டு, கோணலாகக் கூடிய கையோடு ஒரு பையனும் வருவான். அவனை விட்டுவிடாதீர்கள், தேர்விலும் அவனைப் போன்றவன்தான் உட்கார்ந்திருப்பான். எக்ஸ்ரே கேட்பதற்கு முன் முழங்கையின் இரு பக்க முனைகளையும் பின்னால் துருத்தும் முனையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கையை நீட்டினால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும், மடக்கினால் முக்கோணமாகும். இந்த அமைப்பு கெடாமல் இருந்தால் பழைய முறிவு மூட்டுக்கு மேலே என்று கொள்ளலாம். குலைந்திருந்தால் மூட்டே விலகியதா என்று யோசிக்க வேண்டும். மறு கையோடு ஒப்பிடுங்கள். அழுத்தும்போது கண் பையனின் முகத்தில் இருக்கட்டும். செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொன்னதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. கட்டுப் போட்டவரைத் திட்டிப் பிரசங்கமும் வேண்டாம், கேட்டது அதுவல்ல.

தோல் கிழிந்து காயத்தோடு வரும் திறந்த முறிவை, அதன் கடுமையை வைத்துப் பிரிக்கும் கஸ்டிலோ வகைப்பாட்டை எல்லோரும் ஒப்பிப்பார்கள். அடுத்த கேள்விதான் சிக்கல்: தோலும் தசையும் பெரிதாகச் சிதைந்து எலும்பு வெளியே தெரியும் மூன்று-பி வகை என்றால் காலைக் காப்பாற்றுவீர்களா, எடுப்பீர்களா? இங்கே நம்மூர் கங்கா மருத்துவமனை 2006-இல் வெளியிட்ட மதிப்பீடு கைகொடுக்கும். தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே 5 வரை. சர்க்கரை நோய், முதுமை போல உடன் இருக்கும் பாதகங்களுக்குத் தலா 2. மொத்தம் 14 வரை என்றால் காப்பாற்றலாம், 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பது நல்லது, இடைப்பட்ட 15, 16-இல் மருத்துவரின் அனுபவமே முடிவு செய்யும். ரத்தக்குழாய் அறுந்த மூன்று-சி வகைக்கு இது உருவாக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோவையில் படித்துவிட்டு இதில் திணறினால் தேர்வாளர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

தட்டு, திருகு, ஆணிகளைப் படத்தில் பார்த்துப் பயனில்லை. அறுவை அரங்கில் சிஸ்டரிடம் கேட்டுக் கையில் வாங்கிப் பாருங்கள். பணம் கட்டிப் போகும் வார இறுதி வகுப்புகளில் ஒன்று போதும். மற்ற ஞாயிறுகளை வார்டுக்குக் கொடுங்கள்.