நிஃப்டி பி.இ. 22, மலிவா?

நண்பரே, நிலம் விற்ற 9 லட்சம் கையில் இருக்கிறது, நிஃப்டி பி.இ. 22, பழைய சார்ட்டில் 40 வரை போயிருப்பதால் இப்போது மலிவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நிஃப்டி என்பது 50 பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடு; பி.இ. என்பது பங்கு விலையைக் கம்பெனியின் ஒரு வருட லாபத்தால் (ஒரு பங்குக்கு) வகுத்தால் வரும் எண். அந்த 40-ஐ நம்பி இறங்காதீர்கள்.

அது 2021 மார்ச் கணக்கு. கொரோனாவில் கம்பெனிகளின் லாபம் படுத்துவிட்டது. வகுக்கும் எண் சுருங்கினால் விடை ஊதத்தானே செய்யும்? போதாததற்கு, துணை நிறுவனங்களின் லாபத்தைச் சேர்க்காமல்தான் அதுவரை தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. கணக்கிட்டது. பிறகு அதையும் சேர்த்ததும் 40 ஒரே நாளில் 33 ஆனது. சந்தை விழவில்லை, கணக்குதான் மாறியது. அதற்கு முந்தைய எண்களோடு இன்றைய 22-ஐ ஒப்பிடுவது படியில் அளந்ததை லிட்டரோடு ஒப்பிடுவது போல.

நான் பார்ப்பது வேறு. 100-ஐ 22-ஆல் வகுத்தால் சுமார் 4.5. நீங்கள் போடும் 100 ரூபாய்க்குக் கம்பெனிகள் வருடத்துக்கு ஈட்டுவது நாலரை ரூபாய். அரசுப் பத்திரமே ஆறரை தருமென்றால், மிச்சமெல்லாம் லாப வளர்ச்சியின் மேல் வைக்கும் நம்பிக்கை. என் கணக்கில் இது மலிவு இல்லை, கொஞ்சம் கூடுதல் விலைதான்.

அதற்காக ஒதுங்கி நிற்கவும் சொல்ல மாட்டேன். 2017-இல் பி.இ. 25-ஐத் தாண்டியதும் எல்லாவற்றையும் விற்றுவிட்டு உட்கார்ந்தவன் நான். 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது பயத்தில் வாங்கவும் இல்லை!

மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை எஃப்.டி.யில் போடுங்கள். மீதியை 18 மாதங்களுக்குப் பிரித்துச் சந்தையில் இறக்குங்கள். அப்புறம், வீட்டுக் கடன் ஏதும் இருக்கிறதா?