ஜார்ஜியாவில் அப்பாவை 'மாமா' என்பது பற்றி

வணக்கம் சகோதரி. ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கும் உங்கள் மகனின் வீட்டுக்காரர் பிள்ளைகள் தங்கள் அப்பாவை 'மாமா' என்று கூப்பிடுவதால், ஜார்ஜிய மொழி தமிழோடு சேர்ந்ததா என்று மயிலாடுதுறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

மகன் காதில் விழுந்தது சரிதான், ஜார்ஜியனில் 'மாமா' என்றால் அப்பாவேதான். அம்மா 'தேதா'. ஆனால் உறவு எதுவும் கிடையாது. ஜார்ஜியன் கார்த்வேலிய மொழிக் குடும்பம், தமிழ் திராவிட மொழிக் குடும்பம். உதட்டை மூடித் திறந்தாலே 'மா' வந்துவிடும், அதனால் குழந்தைக்கு அது எளிது. அந்த ஒலியை வீட்டில் யாருக்குக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு மொழியும் தானாக முடிவு செய்கிறது. சுவாஹிலியில் அது அம்மாவுக்குப் போனது. நம் பக்கம், மடியில் உட்காரவைத்துக் காது குத்தும் தாய்மாமனுக்கு!

உறவைப் பார்க்க எண்களை வைத்துப் பாருங்கள். நம் மூன்று, தெலுங்கில் மூடு, கன்னடத்தில் மூரு. இது சொந்தம். ஜார்ஜியனில் ஒன்று 'எர்தி', இரண்டு 'ஓரி', மூன்று 'சாமி'. அந்தச் 'சாமி'யை நம் சாமியோடு சேர்த்துக் கதை கட்டுகிறவர்களை நம்பாதீர்கள், தமிழின் பெருமைக்கு அது தேவையே இல்லை.

அப்புறம், உங்கள் தம்பி அடுத்த மாதம் அங்கே போவதாக எழுதியிருந்தீர்கள். வீட்டுக்காரர் முன்னால் மகன் உங்கள் தம்பியை 'மாமா' என்று அழைத்தால் அப்பா வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். முதலிலேயே 'அங்கிள்' என்று அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் 'பெபியா' என்று கூப்பிடலாம்.