உண்மை கண்டறியும் சோதனை எப்படி நடக்கிறது? அதன் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உண்மை கண்டறியும் சோதனை என்பது, கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது ஒருவருடைய உடலில் ஏற்படும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் முறை. மார்பிலும் வயிற்றிலும் சுற்றிய பட்டைகள் மூச்சையும், கையில் கட்டிய பட்டை இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும், விரல்களில் பொருத்திய தகடுகள் வியர்வையால் தோலில் மின்சாரம் பாயும் அளவு மாறுவதையும் அளக்கின்றன. வழக்கைப் பற்றிய கேள்விக்கு எழும் கோடுகளை மற்றக் கேள்விகளுக்கு எழுந்த கோடுகளோடு ஒப்பிட்டு, நிபுணர் தம் கருத்தைச் சொல்கிறார்.

ஆக, கருவி அளப்பது பதற்றத்தைத்தான். பொய்க்கென்று தனியான உடற்குறி எதுவும் கிடையாது. மதுரை பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் செல்லும் பேருந்தில் பரிசோதகர் ஏறியதும், சீட்டு வாங்கியவரும் சட்டைப்பையைத் தடவிப் பதறுகிறார். வாங்காமலே போய்வந்து பழகியவரோ சன்னலுக்கு வெளியே பார்த்தபடி நிதானமாக அமர்ந்திருக்கிறார். அமெரிக்க உளவுத்துறையில் இருந்துகொண்டே சோவியத் ஒன்றியத்துக்கு இரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் நடந்த சோதனைகளில் தேறிவிட்டார். அப்பாவி ஒருவர் பயத்தாலேயே அகப்பட்டுக்கொள்வது அதைவிடக் கொடுமை.

செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், சம்மதமின்றி இச்சோதனையை நடத்தக் கூடாது என்றும், சம்மதித்து நடந்தாலும் அதன் முடிவைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. சம்மதத்தோடு நடந்த சோதனையின் உதவியால் பின்னர் ஒரு தடயம் கிடைத்தால், அதை மட்டும் ஏற்கலாம்.

சோதனைக்கு ஒப்பாதவர் குற்றவாளியாகத்தான் இருப்பார் என்று பலர் பேசுவது தவறு. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவின்படி, மறுப்பது அவருடைய உரிமை.