தங்கைக்கு ஏற்ற சிந்த்-பாப்

கேள்வி: என் தங்கைக்கு 16 வயது. ஆட்டிசம் உண்டு. சிந்த்-பாப் (சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்து உருவாகும் பாப் இசை) என்றால் அவளுக்கு உயிர். பிடித்த ஒரே பாட்டை நாள் முழுக்கக் கேட்பாள். ஆனால் அதே வகையில் நான் தேடிப் போடும் புதுப் பாட்டுகளுக்குப் பாதியிலேயே காதைப் பொத்திக்கொள்கிறாள், சில சமயம் அழுதும் விடுகிறாள். ‘மென்மையானவை’ என்று பெயர் போட்ட தொகுப்புகளும் சரிப்படவில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவள் ஒரே பாட்டைக் கேட்பதை மாற்ற வேண்டிய பழக்கமாக நினைக்காதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருக்கலாம். சிந்த்-பாப்பில் ஒரு சிறு மெட்டுத் துண்டை இயந்திரமே திரும்பத் திரும்ப வாசிக்கிறது, தாளம் இம்மியும் பிசகாது. இந்த இசையின் முன்னோடிகளில் ஒருவரான கேரி நியூமன், தனக்கு ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் நிலை இருப்பதாக வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். உங்கள் தங்கையின் ரசனை அவளுக்குச் சரியான இடத்தில்தான் போய் நின்றிருக்கிறது.

‘மென்மையானவை’ தொகுப்புகள் ஏன் உதவவில்லை? அவை பெரும்பாலும் வேகத்தையும் மனநிலையையும் பார்த்துச் சேர்க்கப்படுபவை. காதைத் தாக்குவது வேகம் அல்ல, ஒலி எப்படித் தொடங்குகிறது என்பதுதான். சிந்தசைசரில் ‘அட்டாக்’ என்று ஒரு குமிழ் இருக்கும். ஒரு சுரம் முழு சத்தத்தை எட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. குறைத்து வைத்தால் ஒலி சுரீரென்று வந்து விழும், கூட்டி வைத்தால் மெல்ல எழும்பி வரும். ஆகவே மிக மெதுவான ஒரு சோகப் பாட்டில் படார் படாரென்று ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் ஒரு வகை டிரம்) வெடிக்கலாம், ஓடுகிற வேகத்தில் உள்ள பாட்டு முழுக்கப் பதமாகவே போகலாம். குறிப்பாக 1980-களின் பாட்டுகளில் கவனம் வேண்டும். ஸ்னேருக்குப் பெரிய எதிரொலியைச் சேர்த்து, அது அடங்குவதற்குள் சட்டென்று வெட்டிவிடுவது அப்போது பெரிய மோகம். வெடிப்பும் திடீர் மௌனமும் மாறி மாறி வருவதால், திடுக்கிடும் இயல்புள்ள ஒருவருக்கு ஒவ்வொரு அடியும் புது அதிர்ச்சியாக இருக்கும்.

அடுத்தது ஒலியின் கூர்மை. மனிதக் காது ஏறக்குறைய 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் (ஒலியின் உயரத்தை அளக்கும் அலகு) வரைதான் மிக நுட்பமாகக் கேட்கும், அந்தப் பகுதியில் பலமாக இருக்கும் ஒலி கூர்மையாகப் படும். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரின் மணியோசைகள் பளீரென்று உலோகத்தனமாக இருக்கும். பலருக்கு அதுவே அழகு, சிலருக்கு அதுவே வலி. கதவுக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல மேல்பகுதி மழுங்கிய ஒலிகள் இவர்களுக்கு எளிதாக இருக்கும்.

எதிர்பாராமை இன்னொரு சிக்கல். கிராஃப்ட்வெர்க் குழுவின் ‘ஆட்டோபான்’ பாட்டு (1974) 22 நிமிடத்துக்கு மேல் ஓடும். பெரும்பகுதி வழுக்கிக்கொண்டு போகும் இசைதான். ஆனால் தொடக்கத்திலேயே கார்க் கதவு அறைந்து சாத்தப்படும், இன்ஜின் கிளம்பும், ஹாரன் அடிக்கும். டெபேஷ் மோட் குழுவின் 1981 ஆல்பம் துள்ளலான எளிய சிந்தசைசர் இசை. 1983 முதலோ இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசைகளைப் பதிவுசெய்து தாளமாகவே வைத்தார்கள். அதனால் ‘இந்தக் குழு அவளுக்கு ஒத்துவரும்’ என்று முடிவுகட்டாதீர்கள். ஒவ்வொரு பாட்டாகத்தான் பார்க்க வேண்டும். அதே பாட்டின் ரீமிக்ஸும் லைவ் பதிவும்கூட வேறு வேறுதான், லைவில் கூட்டத்தின் கூச்சல் வேறு சேரும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். அவளுக்குப் பிடித்த அந்த ஒரு பாட்டுதான் உங்கள் அளவுகோல். ஹெட்போனில் நீங்களே அதை நிதானமாகக் கேளுங்கள். ஸ்னேர் எப்படி விழுகிறது, மணியோசை உண்டா, நடுவில் திடீரென்று நின்று தொடங்குகிறதா, ஒலி ஒரு காதிலிருந்து மறுகாதுக்குத் தாவுகிறதா, ஒரே நேரத்தில் எத்தனை அடுக்குகள் கேட்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். புதுப் பாட்டையும் இதே குறிப்போடு கடைசி வரை கேட்ட பிறகே அவளிடம் கொண்டுபோங்கள். முதல் அரை நிமிடத்தை நம்ப வேண்டாம், தாக்கும் இடம் பெரும்பாலும் நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

செயலியில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் அமைப்பை இயக்கிவிடுங்கள். தானாக அடுத்த பாட்டுக்குப் போவதை நிறுத்திவிடுங்கள், இது மிக முக்கியம். ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) 2000–4000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் இறக்கலாம். காதுக்குக் காது தாவும் ஒலி தொந்தரவு செய்தால் போனின் அணுகல்தன்மை அமைப்பில் ‘மோனோ’ இருக்கிறது, அது இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும். நாள் முழுக்கக் கேட்பவள் என்பதால் இதையும் சொல்கிறேன்: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்று பாதுகாப்பான அளவு சொல்கிறது. வீடியோவில் வெளிச்சம் மின்னி மின்னி வரலாம் என்பதால் முதலில் ஒலி மட்டும் போதும்.

இசை மட்டுமல்லாமல் பாத்திரம் உரசுவது, குழாய்ச் சத்தம் போன்ற அன்றாட ஒலிகளும் அவளுக்கு வலித்தால் ஒரு ஆடியாலஜிஸ்ட்டை (செவித்திறன் நிபுணர்) பாருங்கள். காது அடைப்பானை நாள் முழுக்க மாட்டிவிடாதீர்கள், அது காலப்போக்கில் காதின் ஒலிக் கூச்சத்தைக் கூட்டிவிடலாம்.

தொடங்குவதற்கு இரண்டு சொல்கிறேன். யாஸூ குழுவின் ‘ஒன்லி யூ’ (1982), கிராஃப்ட்வெர்க்கின் ‘நியான் லைட்ஸ்’ (1978). இரண்டும் அவசரமில்லாதவை, இரண்டாவது ஏறக்குறைய 9 நிமிடம். ஆனாலும் முதலில் நீங்கள் கேட்டுவிடுங்கள். அவள் களைப்பாக இல்லாத நேரமாகப் பார்த்து, ஹெட்போன் இல்லாமல், தள்ளி வைத்த ஸ்பீக்கரில் குறைந்த சத்தத்தில் போடுங்கள். நிறுத்தும் பொத்தான் அவள் கையில் இருக்கட்டும். நிறுத்தினால் ‘இன்னும் கொஞ்சம் கேளேன்’ என்று வற்புறுத்தாதீர்கள். எத்தனையாவது நொடியில் நிறுத்தினாள் என்று மட்டும் எழுதி வையுங்கள், அந்த நொடியில் என்ன ஒலி வந்தது என்று பார்த்தால் அடுத்த பாட்டைத் தேடுவது சுலபமாகும்.